‘கனெக்ட் 115200’ என்று மோடம் காட்டுவது எந்த வேகம்?

சர்க்யூட்_சரவணன்

எல்லோருக்கும் வணக்கம். கருவிகள் பராமரிக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஆற்றோரத்தில் ஒரு நீரேற்று நிலையம். அங்கே இருக்கும் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி இன்னும் லேண்ட்லைன் மோடம் வழியாகத்தான் தகவல் தருகிறது. தொட்டி மட்டம், மோட்டார் ஓடுகிறதா, மின்னழுத்தம் எவ்வளவு, இவ்வளவுதான். நாங்கள் இங்கிருந்து டயல் செய்து எடுக்க வேண்டும். மழை பிடித்தால் பாதியில் அறுந்துவிடுகிறது. அடுத்த வருஷம் 4ஜி மாடியூல் போடப் போகிறார்கள், அதுவரை இதை ஓட்டியாக வேண்டும்.

மோடத்தின் மேல் 33.6 கே என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் திரையில் ‘கனெக்ட் 115200’ என்று வருகிறது, சிறிது நேரத்தில் ‘நோ கேரியர்’. கையேட்டைத் திறந்தால் பாட், பிபிஎஸ், 8என்1, டிடிஇ, டிசிஇ, எஸ் ரெஜிஸ்டர் என்று போகிறது. அலுவலகத்தில் இதெல்லாம் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அடிப்படையிலிருந்து யாராவது சொல்லித்தர முடியுமா?

நளினி_நெட்

தம்பி, ஒரு தாளை எடுத்து வரிசையாக நாலு கட்டம் போடுங்கள்: உங்கள் கணினி, உங்கள் மோடம், அந்தப் பக்கத்து மோடம், கட்டுப்பாட்டுப் பெட்டி. கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே சீரியல் கேபிள். இரண்டு மோடத்துக்கும் நடுவே டெலிபோன் லைன். கையேட்டில் வரும் ஒவ்வொரு சொல்லும் இந்த இரண்டில் எதைப் பற்றியது என்று மட்டும் கேட்டுக்கொண்டே படியுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேபிள் ஆர்எஸ்-232. அதில் ஓடுவது வோல்டேஜ்: 1 என்றால் மைனஸ், 0 என்றால் பிளஸ். டெலிபோன் லைனில் அப்படி அனுப்ப முடியாது. மனிதக் குரலுக்காக 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் கடத்தும்படி அமைத்த பாதை அது. அதனால் பிட்டுகளை அந்த எல்லைக்குள் கேட்கக்கூடிய ஒலியாக மாற்றி அனுப்பவும், வரும் ஒலியைத் திரும்பப் பிட்டாக்கவும் ஒரு பெட்டி வேண்டும். மாடுலேட்டர், டீமாடுலேட்டர் இரண்டும் சேர்ந்த மோடம் அதுதான்.

டிடிஇ என்பது தகவலுக்குச் சொந்தக்காரக் கருவி, இங்கே உங்கள் கணினி. டிசிஇ என்பது மோடம். நீங்கள் பார்க்கும் 115200 டிடிஇ வேகம், அதாவது கேபிளின் வேகம். லைனில் போவது 33600-ஓ, 26400-ஓ, மழை நாளில் இன்னும் குறைவாகவோ இருக்கும். ராக்வெல் சிப் உள்ள மோடமாக இருந்தால் ‘ஏடிடபிள்யூ2’ என்று கொடுத்துப் பாருங்கள், ‘கனெக்ட்’ செய்தியில் லைன் வேகத்தைக் காட்டும்.

கேபிளை ஏன் அவ்வளவு வேகத்தில் வைக்கிறார்கள் என்றால், வி.42பிஸ் என்ற சுருக்கும் முறை. வெறும் எழுத்துக் கோப்பை நன்றாகப் பிழிந்துவிடும், உச்சபட்சம் நாலுக்கு ஒன்று. லைனில் 33600 வந்தாலும் விரித்த பிறகு அதைவிட நிறைய கேபிளில் இறங்கும். கேபிள் மெதுவாக இருந்தால் அந்த லாபம் கிடைக்காது.

பிட்பாண்டியன்

பாட் என்றாலும் பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை பிட்) என்றாலும் ஒன்றுதான் சரவணன், புதிதாக வருபவரைக் குழப்ப வேண்டாம் என்று நினைக்கிறேன். நான் தினமும் போர்டுகளோடு வேலை பார்க்கிறேன். சீரியல் போர்ட்டை 9600 பாட் என்று திறந்தால் நொடிக்கு 9600 பிட் போகும். அலைக்காட்டியில் அளந்தாலும் அதே கணக்குதான். 115200 என்ற எண்ணும் வானத்திலிருந்து வந்ததில்லை. பழைய பிசியில் சீரியல் போர்ட்டை ஓட்டும் யுஆர்ட் சிப்புக்கு 1.8432 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அதை 16-ஆல் வகுத்தால் சரியாக 115200.

கம்பிக்காரர்

பாண்டியன் சொல்வது கேபிளுக்குச் சரி. கேபிளில் ஒவ்வொரு முறை வோல்டேஜ் நிலைக்கும் ஒரு பிட் என்பதால் இரண்டு எண்ணும் ஒன்றாகத்தான் வரும். லைனுக்குள் போனால் அது நிற்காது. நான் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

பாட் என்பது நொடிக்கு எத்தனை முறை சமிக்ஞையின் நிலை மாறுகிறது என்ற கணக்கு. பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமீல் போதோவின் பெயரில் வந்த அலகு. பாட்டுக் கச்சேரியில் தாளம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டும் வேகம் மாறாமலே ஒரு தட்டுக்குள் ஒரு அட்சரம் பாடலாம், இரண்டு பாடலாம், நாலும் பாடலாம். தட்டு பாட், அட்சரம் பிட்.

அமெரிக்காவில் 1962-இல் வந்த பெல் 103 மோடத்தில் தட்டுக்கு ஒரே அட்சரம். கூப்பிடும் பக்கம் 0-க்கு 1070 ஹெர்ட்ஸ், 1-க்கு 1270 ஹெர்ட்ஸ். எடுக்கும் பக்கம் 2025, 2225. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி ஒலி இருந்ததால் ஒரே கம்பியில் இருவரும் ஒரே நேரத்தில் பேச முடிந்தது. ஃபுல் டூப்ளெக்ஸ் என்பது அதுதான். 300 பாட், 300 பிபிஎஸ். இந்த இரண்டு சொல்லும் ஒன்று என்ற பழக்கம் அந்தக் காலத்தில்தான் ஊன்றியது.

அடுத்து பெல் 212ஏ: 600 பாட், தட்டுக்கு 2 பிட், மொத்தம் 1200. பிறகு வி. என்று தொடங்கும் சர்வதேசத் தரங்கள். வி.22பிஸ்: அதே 600 பாட், தட்டுக்கு 4 பிட், 2400. வி.32: 2400 பாட், 9600 பிபிஎஸ். வி.32பிஸ்: பாட் மாறவில்லை, தட்டுக்கு 6 பிட், 14400. ஒலி அலையின் உயரத்தையும் (ஆம்ப்ளிட்யூட்) கட்டத்தையும் (ஃபேஸ்) சேர்த்து மாற்றி ஒரே தட்டில் பல பிட்டைத் திணித்தார்கள். க்யூஏஎம் என்று கையேட்டில் பார்த்திருப்பீர்கள். 1994-இல் வந்த வி.34 28800 கொடுத்தது. 3200 பாட், தட்டுக்கு 9 பிட். உங்கள் 33.6 அதன் நீட்சி, அங்கே பாட் 3429 வரை போகும்.

பாட் ஏன் அதற்கு மேல் ஏறவில்லை? லைனின் அகலம் சுமார் 3100 ஹெர்ட்ஸ்தான். அதற்குள் தட்டை வேகப்படுத்த ஒரு அளவுண்டு. தட்டுக்குள் பிட்டைக் கூட்டினால் நிலைகள் நெருக்கமாகும், சின்ன இரைச்சல் வந்தாலும் ஒன்று மற்றொன்றாகத் தெரியும். இந்த எல்லையை கிளாட் ஷானன் 1948-லேயே கணக்காக எழுதிவிட்டார். நல்ல லைனில் இரைச்சலைவிடச் சமிக்ஞை 35 டெசிபல் மேலே இருந்தால், அந்தச் சூத்திரப்படி சுமார் 36000 பிட். 33600 அதன் வாசற்படியில் நிற்கிறது. ஒரு செம்புக் கம்பி ஜோடியிலிருந்து மனிதர்கள் இவ்வளவு கறந்தார்கள் என்பதை இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நளினி_நெட்

கம்பிக்காரர் ஐயா, அருமை. அப்புறம் 56 கே எப்படி வந்தது என்று யாராவது கேட்பார்கள், அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கம்பிக்காரர்

அது எக்ஸ்சேஞ்சுக்குள் நடந்த மாற்றத்தின் பலன் அம்மா. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் குரலை நொடிக்கு 8000 முறை அளந்து ஒவ்வொன்றையும் 8 பிட்டாக்குகிறது. மொத்தம் 64000. இணையச் சேவை தருபவர் எக்ஸ்சேஞ்சோடு நேராக டிஜிட்டல் இணைப்பு வைத்திருந்தால், அவர் அனுப்புவதை ஒலியாக்கித் திரும்ப அளக்கும் வேலையே இல்லை. அந்த அளவீட்டால் வரும் இரைச்சலும் இல்லை. 8 பிட்டில் 7-ஐ நம்பலாம் என்று வைத்தால் 8000 பெருக்கல் 7, 56000. அது இறங்கும் பக்கம் மட்டும். வீட்டிலிருந்து ஏறும் பக்கத்தில் ஒலியை அளந்தே ஆக வேண்டும், அதனால் வி.90-இல் ஏற்றம் 33600-தான். முதலில் எக்ஸ்2, கே56ஃபிளெக்ஸ் என்று ஒத்துப்போகாத இரண்டு முறைகள் கடையில் இருந்தன. 1998-இல் வி.90 இரண்டையும் ஓரங்கட்டியது.

சரவணன், உங்களுடையது இரண்டு முனையிலும் சாதாரண லைன். 56 கே மோடம் வாங்கி மாட்டினாலும் 33600-க்கு மேல் போகாது. காசைச் செலவழிக்க வேண்டாம்.

சர்க்யூட்_சரவணன்

தட்டு, அட்சரம் விளக்கம் மனதில் பதிந்துவிட்டது ஐயா. நன்றி அக்கா. டபிள்யூ2 கொடுத்துப் பார்த்தேன், இன்று 24000 என்று காட்டியது!

அடுத்து 8என்1. பிறகு, ஏன் எல்லாக் கட்டளையும் ‘ஏடி’ என்றே ஆரம்பிக்கிறது? இணைப்பு ஏற்படும்போது வரும் அந்தச் சத்தத்தில் ஏதாவது பொருள் இருக்கிறதா?

பிட்பாண்டியன்

இது என் பக்கம், நான் சொல்கிறேன்.

8என்1 கேபிளுக்குரியது. ஓர் எழுத்துக்கு 8 பிட், பாரிட்டி (1-களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று பார்த்துப் பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்) கிடையாது, எழுத்து முடிந்தது என்று காட்ட 1 ஸ்டாப் பிட். சொல்லாமல் விட்டது முன்னால் வரும் ஒரு ஸ்டார்ட் பிட். ஆக, ஓர் எழுத்துக்கு 10 பிட். 2400 பிபிஎஸ் என்றால் நொடிக்கு 240 எழுத்து. பழைய கருவிகளில் 7இ1 இருக்கும்: 7 பிட், இரட்டைப்படைப் பாரிட்டி. ஒரு முனை 7இ1, மறுமுனை 8என்1 என்று இருந்தால் பாதி எழுத்து சரியாகவும் பாதி கிறுக்கலாகவும் வரும். முழுக்கக் குப்பையாக வந்தால் வேகம் தப்பு, பாதி குப்பையாக வந்தால் பாரிட்டி தப்பு என்று முதலில் சந்தேகப்படலாம்.

‘ஏடி’ கட்டளைகள் 1981-இல் டென்னிஸ் ஹேஸின் நிறுவனம் கொண்டுவந்த ஸ்மார்ட்மோடத்தோடு வந்தவை. ‘அட்டென்ஷன்’ என்பதன் முதல் இரண்டு எழுத்து. ஆனால் அந்த எழுத்துகளுக்குள் பொறியியல் இருக்கிறது. பெரிய எழுத்து ஏ-யின் ஆஸ்கி (எழுத்துக்கான எண் குறியீடு) 01000001. கேபிளில் கடைசிப் பிட்தான் முதலில் போகும். ஸ்டார்ட் பிட் 0, உடனே அடுத்து 1. அதாவது ஒரே ஒரு பிட் அகலத்துக்கு ஒரு பள்ளம், பிறகு மேடு. அந்தப் பள்ளத்தின் அகலத்தை அளந்தால் மோடத்துக்கு உங்கள் கேபிள் வேகம் தெரிந்துவிடும். ஏ-யில் இரண்டு 1, டி-யில் மூன்று 1. ஒன்று இரட்டை, மற்றொன்று ஒற்றை. இரண்டின் பாரிட்டி பிட்டையும் ஒப்பிட்டால் நீங்கள் எந்தப் பாரிட்டியில் பேசுகிறீர்கள் என்பதும் தெரியும். இரண்டே எழுத்தில் வேகம், பாரிட்டி இரண்டையும் மோடம் கண்டுபிடித்துக்கொள்கிறது. இன்று மேசையில் இருக்கும் சிம் மாடியூலுக்கு ‘ஏடி’ என்று அனுப்பி ‘ஓகே’ வாங்கும்போதும் நடப்பது இதே ஏற்பாடுதான்.

நளினி_நெட்

சத்தத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

முதலில் டயல் டோன். பிறகு எண்கள். ஒவ்வொரு எண்ணும் இரண்டு ஒலி சேர்ந்தது, 5 என்றால் 770-உம் 1336-உம். ‘ஏடிடிடி’ என்று கொடுத்தால் இந்த டோன் முறை. ‘ஏடிடிபி’ என்றால் பழைய சுழல் டயல் போல டக்டக்கென்று பல்ஸ். எதிர்முனை எடுத்ததும் நீளமாக ஒரு ‘பீ’ வரும், 2100 ஹெர்ட்ஸ். அது மற்ற மோடத்துக்கு மட்டும் சொன்ன சேதி கிடையாது. வழியில் எக்ஸ்சேஞ்சுகளில் எதிரொலியை அடக்கும் கருவிகள் இருக்கும், ‘விலகிக்கொள்ளுங்கள், இது குரல் இல்லை’ என்று அவற்றுக்கும் சொல்வது அது. பிறகு இரண்டு மோடமும் யாருக்கு எந்த முறை தெரியும் என்று பேசிக்கொள்கின்றன. வி.34-இல் பல ஒலிகளை ஒன்றாக அனுப்பி லைன் எந்த இடத்தில் எவ்வளவு நசுக்குகிறது என்று அளந்து பார்க்கும். கடைசியில் வரும் ‘ஷ்ஷ்’ என்ற இரைச்சல், அந்த லைனுக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் பயிற்சி. இதற்கெல்லாம் சேர்த்துத்தான் ஹேண்ட்ஷேக் என்று பெயர். முடிந்ததும் ஸ்பீக்கர் அணைந்துவிடும். உள்ளே சத்தம் தொடர்ந்துகொண்டேதான் இருக்கிறது, நமக்குக் கேட்பதில்லை.

1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது மாணவர்களுக்கு ஷெல் கணக்கு கொடுத்தார்கள், எழுத்து மட்டும். படம் பார்க்கும் டிசிபி/ஐபி கணக்கு ரொம்ப விலை. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டே இன்று என்ன வேகம் கிடைக்கும் என்று சீனியர்கள் சொல்லிவிடுவார்கள். பயிற்சி இரண்டாம் முறை ஓடினால் லைன் சரியில்லை. சரவணன், உங்கள் மோடத்தில் ‘ஏடிஎம்1’ கொடுத்து ஸ்பீக்கரைத் திறந்து வையுங்கள். காதும் ஒரு கருவிதான்.

சுருளி_தேனி

இடையில் ஒரு கேள்வி. இணைப்பில் இருக்கும்போதே மோடத்துக்குக் கட்டளை கொடுக்க மூன்று பிளஸ் அடிப்பார்களே, நாம் அனுப்பும் கோப்பிலேயே +++ இருந்தால் என்ன ஆகும்?

பிட்பாண்டியன்

நல்ல கேள்வி. ஹேஸ் முறையில் +++ க்கு முன்னும் பின்னும் ஒரு நொடி மௌனம் இருக்க வேண்டும். கோப்பு ஓடும்போது அந்த மௌனம் வராது, அதனால் ஆபத்தில்லை. அந்த மௌன ஏற்பாட்டுக்குக் காப்புரிமை இருந்தது. பணம் கட்டாமல் தவிர்க்க நினைத்த சில தயாரிப்பாளர்கள் மௌனம் இல்லாமலே ஏற்றுக்கொள்ளும்படி மோடம் செய்தார்கள். பிறகு இணையம் பரவியபோது, +++ஏடிஎச்0 என்ற எழுத்துகளை ஒரு பிங் செய்திக்குள் (‘இருக்கிறாயா’ என்று இன்னொரு கணினியைக் கேட்பது) வைத்து அனுப்பினால் போதும். பிங்குக்கு அதையே திருப்பி அனுப்புவது வழக்கம் என்பதால், அடுத்தவர் கணினி தன் மோடத்துக்குத் தானே ‘போனை வை’ என்று சொல்லிவிடும். இணைப்பு அறுந்துவிடும். ஒரு நொடி மௌனத்தை நீக்கியதால் வந்த வினை.

கம்பிக்காரர்

சரி, இப்போது சரவணனின் உண்மையான வியாதிக்கு வருவோம்.

‘நோ கேரியர்’ என்றால் எதிர்முனையின் ஒலி காதில் விழவில்லை என்று மோடம் சொல்கிறது. கேரியர் என்பது அந்த அடிப்படை ஒலி, அதன் மேல்தான் பிட்டுகளை ஏற்றி அனுப்புகிறோம். எஸ்10 என்று ஒரு ரெஜிஸ்டர் உண்டு. கேரியர் எவ்வளவு நேரம் காணாமல் போனால் போனை வைக்க வேண்டும் என்று அது சொல்லும், பத்தில் ஒரு நொடிக் கணக்கில். பெரும்பாலும் 14 இருக்கும், அதாவது 1.4 நொடி. ஒரு மின்னல் கரகரப்புக்கே போய்விடும். எஸ்10=50 வையுங்கள்.

இரண்டாவது, உங்களுக்கு எதற்கு 33600? ஒரு தடவைக்கு எவ்வளவு தகவல் வருகிறது? 200 எழுத்து இருக்குமா? 2400-லேயே ஒரு நொடிக்குள் வந்துவிடும். கடைகளில் கார்டு தேய்க்கும் இயந்திரங்கள் டெலிபோன் லைனில் ஓடிய காலத்தில், 56 கே வந்த பிறகும் 1200, 2400-லேயே பேசின. வேகமான முறைகளுக்கு ஹேண்ட்ஷேக் நீளம், வி.22பிஸ் சில நொடிகளில் முடித்துவிடும். மொத்த நேரத்தில் மெதுவான மோடமே முந்தும். 16 நிலைகளை மட்டும் பிரித்தறிந்தால் போதும் என்பதால் ஈர லைனிலும் தாங்கும். உங்கள் பக்க மோடத்தை வி.22பிஸ்-க்குக் கட்டிவையுங்கள். +எம்எஸ் கட்டளை, கையேட்டில் உங்கள் மாடலுக்கு எப்படி என்று பாருங்கள். கூப்பிடும் பக்கம் குறைத்தாலே எதிர்ப்பக்கம் இறங்கி வரும்.

மூன்றாவது, கம்பி. மழையில் மட்டும் அறுகிறது என்றால் முக்கால்வாசி ஜாயிண்டில் தண்ணீர். லைன் போகும் வழி: எக்ஸ்சேஞ்சில் எல்லா லைனும் கட்டியிருக்கும் எம்டிஎஃப் சட்டத்திலிருந்து தெருவோரப் பில்லர் பெட்டி, அங்கிருந்து லைனைப் பிரித்துத் தரும் டிபி பெட்டி, அங்கிருந்து கட்டிடம். ஒரு சாதாரண போனை மாட்டி ஏதாவது ஒரு எண்ணை அழுத்துங்கள், டயல் டோன் நின்ற பிறகு வரும் மௌனத்தைக் கேளுங்கள். பொரிவது போல் சத்தம் வந்தால் லைன்மேனைக் கூப்பிட வேண்டியதுதான். சும்மா இருக்கும் லைனில் 48 வோல்ட் இருக்கும், மணி அடிக்கும்போது 75 வோல்ட் ஏசி. கையை வைக்கும்போது கவனம்.

சர்க்யூட்_சரவணன்

ஐயா சொன்ன மூன்றையும் செய்தேன். டிபி பெட்டியில் எங்கள் ஜோடி கட்டியிருந்த முனை பச்சை பூத்திருந்தது. லைன்மேன் அண்ணன் சுரண்டி வேறு முனைக்கு மாற்றிக் கட்டினார். அதற்கு முன்பே 2400-க்குக் குறைத்துப் பார்த்துவிட்டேன், அப்போதே மழையோடு மழையாகத் தகவல் முழுதாக வந்தது. டயல் செய்வதிலிருந்து அளவீடு திரையில் வரும் வரை முன்பைவிடச் சீக்கிரமாக முடிகிறது. மேலதிகாரி நம்பவில்லை, பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன்.

கடைசியாக ஒன்று. 4ஜி மாடியூல் வந்தால் இந்த ‘ஏடி’ கட்டளைகளை அப்படியே வைத்துக்கொண்டு எதிர்முனை எண்ணை டயல் செய்யலாமா?

நளினி_நெட்

முடியாது தம்பி. 2ஜி-யில் 9600 பிபிஎஸ் தரவு அழைப்பு என்று ஒன்று இருந்தது, எண்ணை டயல் செய்து மோடத்தோடு பேசலாம். 4ஜி-யில் அது கிடையாது. ‘ஏடிடி*99#’ என்று கொடுத்தால் போன் எதுவும் அடிக்காது, மாடியூல் நெட்வொர்க்கோடு பிபிபி (சீரியல் வழியாக இணையத் தகவலைக் கடத்தும் முறை) இணைப்புக்குத் தயாராகும், அவ்வளவுதான். அதற்கு மேல் எல்லாம் ஐபி முகவரிதான். அதனால் நீங்கள் கூப்பிட்டு எடுப்பதற்குப் பதில், பெட்டி தானாகவே உங்கள் சர்வருக்கு அனுப்பும்படி மாற்ற வேண்டியிருக்கும். சிம்முக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி கிடைக்காது. இதை இப்போதே ஒப்பந்தக்காரரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

பிட்பாண்டியன்

கூடவே, மாடியூலைப் பொருத்தப் போகும் அன்று அதே இடத்தில் ‘ஏடி+சிஎஸ்க்யூ’ கொடுத்துப் பாருங்கள். 0-லிருந்து 31 வரை ஒரு எண் வரும், கூடுதலாக இருந்தால் நல்லது. 99 என்று வந்தால் சிக்னலை அளக்கவே முடியவில்லை என்று பொருள். பம்ப் ஹவுஸ் இரும்புக் கதவை மூடிவிட்டு ஒரு முறை, திறந்துவிட்டு ஒரு முறை அளந்து, ஆன்டெனாவை வெளியே எடுக்க வேண்டுமா என்று அங்கேயே முடிவு செய்துவிடுங்கள்.